நடுவில் ஒரு தலையணை

நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே டென்சில் ஆரம்பித்துவிட்டார்.

"ஊசியோ மாத்திரையோ, எதையாவது கொடுங்க டாக்டர். இவ தூக்கத்தால மானம் போகுது. சர்ச்சுல பிரசங்கம் ஆரம்பிச்சா தலை தொங்கிடும். பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்குவா. இப்ப ஸ்கூல்லயும்."

அவர் மனைவி மௌரீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிரேசர் டவுனில் எல்.கே.ஜி. டீச்சர். போன மாதம் மதியம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தானும் தூங்கிப்போனாள். ஒரு குழந்தை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருந்தது. நல்ல வேளை, ஆயா பார்த்துவிட்டாள்.

வியாதிதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேலை மிஞ்சும். இல்லையென்றால் வர வேண்டாம் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

"நீங்க எப்படித் தூங்குவீங்க சார்?" என்றார் தூக்க மருத்துவர் யசோதா.

"நானா? தலையைச் சாய்ச்சா போதும். என் குறட்டை எதிர் வீட்டுக்குக் கேட்குமாம்." டென்சில் சிரித்தார். "இவதான் விட மாட்டா. நடு ராத்திரியில முழங்கையால விலாவுல ஒரு இடி. பொறுக்க முடியாம நடுவுல ஒரு தலையணை வெச்சேன். அதைத் தாண்டியும் கை வருது. ஹால்ல போய்ப் படுத்தா பாயைத் தூக்கிக்கிட்டு அங்கேயும் வந்துடறா."

"ஓகோ."

"இங்கே மட்டும் என்ன? முந்தாநாள் இவளுக்கு உள்ளே ஒயரெல்லாம் ஒட்டிப் படுக்க வெச்சீங்க. நான் வெளியே பெஞ்சுல. உங்க டெக்னீஷியன் நாகேஷ் என்னைத் தூங்க விட்டாரா? தட்டித் தட்டி எழுப்பினார். என்னன்னு நீங்க கேட்கணும்."

"கேட்டேன் சார்."

டாக்டர் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது அம்மாவோட ரிப்போர்ட். படுத்ததும் தூங்கிட்டாங்க. விடியற வரைக்கும் அசையலை. பல நாள் பட்டினி கிடந்தவங்க சாப்பிடற மாதிரி தூங்கியிருக்காங்க. இவங்களுக்கு எந்த வியாதியும் இல்லை."

மௌரீன் முதல்முறையாக நிமிர்ந்தாள். "இல்லையா?" அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

"நான் சொல்லலை? எல்லாம் சோம்பேறித்தனம்," என்றார் டென்சில். "போ, வேலையும் போச்சு."

"நாகேஷ் உங்களை ஏன் எழுப்பினார்னு கேட்டீங்களே," என்றார் டாக்டர். "உங்க குறட்டை சட்டுனு நின்னுருக்கு. கூடவே மூச்சும். பயந்துபோய்த் தட்டியிருக்கார். கொஞ்ச நேரத்துல மறுபடியும் நின்னுருக்கு. ராத்திரி பூரா இதே கதை. டெஸ்ட் எடுக்க வேண்டியது உங்களுக்கு சார்."

டென்சிலின் கை தானாக விலாவைத் தடவியது.

"எத்தனை வருஷமா எழுப்பறீங்கம்மா?"

"பையன் பத்தாவது படிக்கறப்போ ஆரம்பிச்சுது. இப்ப அவனுக்கே பையன் இருக்கான்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. பொய் சொல்றேன்னுதானே தலையணை வெச்சீங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. வியாதின்னு சர்டிபிகேட் எழுதணும்னா சார் பேர்லதான் எழுத முடியும்."

மௌரீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவருக்கு எதுக்கு டாக்டர்? அவர்தான் வேலைக்கே போறதில்லையே."