குழாயில் ஏறும் சிவப்பு

கம்பாலாவின் பிற்பகல் வெயில், படுக்கையில் கிடக்கும் மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டுநர் கிசிட்டோவின் கழுத்தில் விழுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில், இளம் டாக்டர் செம்வங்கா இப்போதுதான் அந்தக் கழுத்தின் பெரிய சிரையில் குழாய் செருகி முடித்திருக்கிறார். ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து தயாராகத் தொங்குகிறது. நர்ஸ் நபுகென்யா அதைத் திறக்காமல் நிற்கிறாள். "ரத்தம் ரொம்பப் பளிச்சுனு சிவப்பா இருக்கே, டாக்டர்." "ஆக்சிஜன் போகுதுல்ல, அப்படித்தான் இருக்கும். திறங்க சிஸ்டர், பிரஷர் இறங்குது." "மூணு தடவை குத்தினீங்க. மூணாவது எதுல இறங்குச்சுன்னு பாத்துட்டுத் திறக்கறேன்." கழுத்துக் குழாயில் மருந்தில்லாத நீளமான வெற்றுக் குழாய் ஒன்றை மாட்டி, மறுநுனியைத் தன் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறாள். சிரை ரத்தமானால் கொஞ்சம் ஏறி நின்றுவிடும். இது நிற்கவில்லை. அவள் சிறு கடிகாரம் குத்தியிருக்கும் மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி ஏறுகிறது. மானிட்டர் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துள்ளு துள்ளுகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மடியில் மட்டோக்கே வாழைக்காய் மசியல் டப்பாவோடு கிசிட்டோவின் மனைவி இவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தமனி," என்கிறார் டாக்டர். கழுத்துக் குழாயை உருவிவிட அவர் கை பாய்கிறது. நபுகென்யா அதைப் பிடித்துக்கொள்கிறாள். "தொடாதீங்க, டாக்டர். இப்ப தமனியில விழுந்த ஓட்டைக்கு மூடியே அந்தக் குழாய்தான்."