ஒரே ஒரு ஊசி

"லீவு நாள்ல கூட விட மாட்டீங்களா சிஸ்டர்?"

கேத்தரின் டாக்டரின் அறை வாசலிலேயே நின்றாள். இன்று வெள்ளை யூனிஃபார்ம் இல்லை. கசங்கிய நூல் புடவை, கையில் ஒயர் கூடை, அதற்குள் ஒரு பிளாஸ்க்.

"இல்ல சார், நான் வந்தது..."

"தெரியும். மூணு வருஷமா எதுக்கு வர்றீங்களோ அதுக்குத்தான். உக்காருங்க."

டாக்டர் ஸ்ரீகண்டன் காலையிலிருந்து நாலு ஆபரேஷன் முடித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டார். கேத்தரினும் உட்கார்ந்தாள். அவளுக்கும் நிற்கத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் கிருமித் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். மூன்று வருஷமாக ஒரு தாளை வைத்துக்கொண்டு சர்ஜன்கள் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறாள். சிக்கலில்லாத ஆபரேஷன் என்றால், கத்தி வைக்கும் முன் ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போதும். அதற்குப் பிறகு ஏழு நாள் குத்துவது வீண். அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான். பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துச் சொன்ன விஷயம். சீனியரான ஸ்ரீகண்டன் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள். அவரோ பேனாவைத் தொடுவேனா என்றிருந்தார்.

"போன மாசம் என்ன சொல்லி உங்களை அனுப்பினேன்?"

"நம்ம ஊர் சிவாஜிநகர் தூசிக்கு ஒரு ஊசி எந்த மூலைக்குன்னு கேட்டீங்க."

"அதுக்கு முந்தி?"

"வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணவனுக்கு இங்க மர்பி டவுன் ஜனங்களைத் தெரியுமான்னு கேட்டீங்க. நானே மர்பி டவுன்தான் சார்னு சொன்னேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் களைப்புதான் இருந்தது.

"நேத்து நீங்க தொற்றுக் கணக்கு எழுதற நோட்டைப் புரட்டினேன். நம்ம ஜூனியர் சர்ஜன் பாலகுமார் ஒரு வருஷமா ஒரே ஊசிதான் போடறான். நூத்திப்பத்து பேர்ல ரெண்டு பேருக்குத்தான் புண்ணுல சீழ் வச்சிருக்கு. நானும் அதே அளவு கேஸ்தான் பண்ணியிருக்கேன். ஏழு நாள் போட்டும் மூணு பேருக்குச் சீழ். வெட்கமாப் போச்சு."

"சார், அது இருக்கட்டும். இப்ப நான்..."

"என்னைப் பேச விடுங்க. ஆதாரம் பத்தலன்னு நான் முரண்டு பிடிக்கல சிஸ்டர். பயம். தாள்ல இருக்கறது மண்டைக்குள்ள போகுது, வயித்துக்குள்ள இறங்க மாட்டேங்குது. ஊசியை நிறுத்தி, மறுநாள் பேஷண்ட்டுக்கு ஜுரம் வந்தா யார் பதில் சொல்றது? அந்தப் பயத்துலயே முப்பது வருஷம் ஓட்டிட்டேன்."

இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பு விழுந்து, ஓரத்தில் காபிக் கறையோடு இருந்தது. கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆய்த்து," என்றார் கன்னடத்தில். "முடிஞ்சுது. இனிமே எல்லாருக்கும் ஒரே சட்டம்."

மூன்று வருஷம் காத்திருந்த கையெழுத்து. கேத்தரின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை.

"என்ன, நம்பிக்கை வரலையா? நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுநாள் லிஸ்டைப் பார்த்தார். "முதல் கேஸ், மௌரீன். பத்தொன்பது வயசு, அப்பெண்டிக்ஸ், சிக்கல் ஒண்ணும் இல்ல. மத்தியானம் டியூட்டி டாக்டர் அட்மிட் பண்ணியிருக்கார். இந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு ஊசி. சந்தோஷமா?"

கேத்தரின் ஒயர் கூடையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாளன்னிக்கு ஆரம்பிக்கலாமா சார்?"

"மூணு வருஷமா என் உயிரை எடுத்துட்டு, இப்ப எதுக்கு நாளன்னிக்கு?"

"மௌரீன் என் பொண்ணு சார். அவளுக்கு மட்டும் பழையபடி ஏழு நாளும் போட்டுடுங்க."