மூன்று பேர் வேண்டும்

ஊர் ஆண்கள் எல்லாரும் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழ இமாமைத் தவிர மூன்று பேராவது வேண்டும். கல்முர்சா இமாமின் மலைப் பள்ளிவாசலுக்கு வருவது ஜோல்தோஷ் ஒருவன்தான். அவனுக்காகவே பிரசங்கம் செய்வார். பிறகு இருவரும் அடுப்போரம் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள்.

"அடுத்த வெள்ளி வரமாட்டேன் ஹஜ்ரத்," என்றான் ஜோல்தோஷ்.

"ஏம்ப்பா, என் பேச்சு அவ்வளவு அறுவையா?"

"பட்டணத்துக்கு மாத்திட்டாங்க."

"நீயும் போயிட்டா நான் சுவத்துக்கிட்டயா பேசுவேன்?"

"நான் என்ன பண்றது? உங்களால ஆபத்து இல்லைன்னு மேலிடம் முடிவு பண்ணிருச்சு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இமாம் சிரித்தார். "எனக்கு முதல் வாரமே தெரியும். மதத்துல அரசாங்கம் தலையிடாதுன்னு சட்டம் இருக்கேப்பா?"

"தலையிடலையே ஹஜ்ரத்! ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்?"

இமாம் எழுந்து மறுபடி மேடை ஏறினார்.

"ஜேப்புல இருக்கிற ரெக்கார்டரைப் போடு."

"வேண்டாம் ஹஜ்ரத்!"

"போடுடா!"

போட்டான். யாரையும் திட்டியறியாத மனிதர், அமைச்சர்கள் ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தார்.

"இப்ப எழுது, நான் ஆபத்தான ஆளுன்னு. அடுத்த வாரமும் வருவேல்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஜும்ஆ முறைப்படி நடந்தது. இமாம் ஊற்றிய தேநீரை ஒருவரும் தொடவில்லை.

மூவரில் ஜோல்தோஷ் இல்லை.