ஆறு பளிச், ஒன்று மங்கல்

பித்தளை லென்ஸை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடிக்குள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்த பல்பின் பிம்பங்களை எண்ணினார் கேமரா ரிப்பேர்காரர்.

பளிச்சென்று ஆறு. மங்கலாக ஒன்று.

பெயர் தேய்ந்துபோன பழைய லென்ஸை இப்படித்தான் இனம் காண வேண்டும். உள்ளே எத்தனை கண்ணாடி, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதை அந்தப் புள்ளிகளே சொல்லிவிடும். போன ஞாயிறும் இதே மேஜையில் இதே ஏழு புள்ளிகளைத்தான் எண்ணினார். வகையையும் அன்றே சொல்லிவிட்டார். முகங்களை எடுப்பதற்கென்றே அந்தக் காலத்தில் செய்த லென்ஸ். முப்பது வருஷமாக அவர் தேடாத இடமில்லை.

கிடைத்ததோ சகலைக்கு.

மனைவியின் தங்கை புருஷன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. லென்ஸில் தூசு பட்டால் சட்டை நுனியால் துடைக்கிற ரகம்.

ஏலத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். ஒரு மரப்பெட்டியைத் திறந்து, மேலாகக் கிடந்த நாலு லென்ஸைப் பார்த்து, குப்பை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார் ரிப்பேர்காரர். பெட்டி அழகாக இருக்கிறதே, வீட்டில் நூல்கண்டு போட்டுவைக்க ஆகுமே என்று சகலை கையைத் தூக்கிவிட்டார்.

அடியில் விரித்திருந்த துணிக்குக் கீழே ஐந்தாவதாக இது படுத்திருந்தது.

வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். அன்றிலிருந்து அவருக்கு டீயே பிடிக்கவில்லை.

சரி, லென்ஸ் போனால் போகட்டும். இன்று காலை சகலை கொண்டுவந்து கொடுத்த போட்டோவைத்தான் தாங்க முடியவில்லை.

போட்டோவில் இருந்தது ரிப்பேர்காரரின் மனைவி. புதன்கிழமை தங்கை வீட்டுக்குப் போனவளை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்திருக்கிறார். எடுத்த மரக்கேமராகூட ரிப்பேர்காரரிடம் இரவல் வாங்கியதுதான். கேட்டதும் மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்திருந்தார்.

கண்கள் மட்டும் துலக்கமாக இருந்தன. மற்றதெல்லாம் மெல்லக் கரைந்து, கன்னத்திலிருந்து வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. முப்பது வருஷத்தில் அவர் எடுத்த எத்தனையோ படங்களில் அவளுடைய ஒவ்வொரு முடியையும் எண்ணிவிடலாம். ஒன்றையாவது அவள் மடியில் வைத்துப் பார்த்து அவர் கண்டதில்லை.

இதை மடியில் வைத்திருந்தாள். காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் கத்தி மாதிரி கூர்மையா விழும்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணா? எனக்கு மட்டும் ஏன் இப்படிக் குழைஞ்சு வருது? கொஞ்சம் பிரிச்சுப் பாருங்களேன்," என்றார் சகலை.

பிரித்தார். முன் வளையத்தைக் கழற்றி, கண்ணாடியை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டார். ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பது போல் பார்த்தார்.

"முன் கண்ணாடி திருப்பிப் போட்டிருக்கு. அதான்."

எண்ணினால் இது தெரியாது. திருப்பிப் போட்டாலும் ஆறும் ஒன்றும்தான். சகலை, அப்படியானால் நேராக்கிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார்.

"கையை வெக்காதீங்க," என்றாள் மனைவி. கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. "அந்தக் காலத்துல எவனோ வேணும்னேதான் இப்படிப் பண்ணி வெச்சிருக்கான். ஒரு பொம்பளை முகத்தை எப்படிப் பார்க்கணும்னு தெரிஞ்சவன்."

இத்தனை மென்மையாக அவள் யாரைப் பற்றியும் பேசி அவர் கேட்டதில்லை. சகலை மேல் இருந்த பொறாமை போய், அந்த எவனோ மேல் ரிப்பேர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு கணம்தான்.

போன ஞாயிறு, துடைத்துத் தருகிறேன் என்று லென்ஸை வாங்கிக்கொண்டு, சகலை கை கழுவ உள்ளே போன நேரம் பார்த்து, இவன் எடுக்கிற படமெல்லாம் பாழாய்ப் போகட்டும் என்று அந்தக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டவர் அவரேதான்.

சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மென்மை இவர் பக்கம் திரும்பும். எதற்காகத் திருப்பினீர்கள் என்று கேட்கும்வரைதான் அது நிற்கும்.

கண்ணாடியைத் திருப்பிய வாக்கிலேயே உள்ளே வைத்து, வளையத்தை இறுக்கினார்.

"ஆமா, கெட்டிக்காரன்தான்," என்றார்.