துரை வீட்டுச் சிப்பி

பிலோமி கம்பளியை மெல்ல விலக்கினாள். உதட்டோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மொய்த்துக்கொண்டிருந்தன.

"ஐயோ மாதாவே! உசுரோட உறிஞ்சுதுங்களே!"

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்ட ஆபீசிலிருந்து கணக்கெழுதும் கிராணி நல்லுசாமி மழையில் நனைந்தபடி ஓடிவந்தார். பங்களா முன்னறையில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

அவ்வளவு பெரிய தொட்டியில் ஒரு மீன்கூடக் கிடையாது. லுமுட் கடற்கரையிலிருந்து லோரியில் வந்த கடல் தண்ணீர், நடுவில் ஒரு கல், கல்லின் மேல் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு சிப்பி. நீலமாய் விரிந்து கிடக்கும் அதன் சதை, வதங்கின வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தது. அந்தச் சதையின் ஓரத்தில் நொய்யரிசி அளவு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கரண்டு போச்சுங்க ஐயா. தண்ணி சில்லுனு ஆயிடக் கூடாதுன்னு கம்பளியப் போட்டு மூடினேன். இருட்டானதும் அடியிலேருந்து ஏறி வந்திருக்குங்க. வெளிச்சத்துல ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல."

"துரை சீமைக்குக் கெளம்பறப்ப என்ன சொன்னாரு?"

"தொட்டியில இருக்கற உசுரு ஒண்ணுகூடக் கொறையக் கூடாதுன்னாரு."

"இது செத்துட்டா உன் பெர்மிட்டுல கையெழுத்துப் போடுவாரா? யோசிச்சுப் பாருலா."

பிலோமி நாலு வயதில் இந்தியாவிலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் வந்தவள். இத்தனை வருடம் கேமரன் மலையில் உழைத்தும் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான். அறுபத்தொன்பதாம் வருடத்துக்கு அப்புறம் சிவப்பு ஐசிக்காரர்களுக்கு பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் லயத்து வீடும் இல்லை. அப்படித்தான் அவள் அண்ணன் அல்போன்ஸ் போன வருடம் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

மகள் பெட்டி இங்கே பிறந்தவள், குடியுரிமை உள்ள நீல ஐசி. தானா ராத்தா பள்ளியில் படிக்கிறாள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மாவும் கப்பலேறினால் அது யார் வீட்டில் போய் நிற்கும்?

"சீமைக்குக் கடுதாசி போட்டுக் கேக்கலாமா ஐயா?"

"அது போய்ச் சேரவே பத்து நாளாகும். மூணு வாரத்துல அவரே வந்துடுவாரு. அதுவரைக்கும் இது தாங்குமா?"

அன்றைக்கே ஆரம்பித்தாள். தொட்டியை மூடி இருட்டாக்கி, அரை மணி கழித்துத் திறப்பாள். மேலே ஏறியிருக்கும் நத்தைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பாள். பிறகு சிப்பியைக் கல்லோடு தூக்கி, அதே தண்ணீர் ஊற்றிய பேசினில் வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் ஓட்டின் மடிப்பெல்லாம் தேய்ப்பாள். பிடித்ததையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவாள்.

ஓட்டின் விளிம்பு கத்தி மாதிரி. விரல் கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. இரண்டாவது நாள் முப்பது, நாலாவது நாள் மூன்று, ஆறாவது நாள் ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

பத்தாவது நாள் கம்பளியை எடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூசி மாதிரி பொடிப்பொடியாய் மறுபடியும் மொய்த்திருந்தன. தொட்டால் மூடிக்கொள்ளக்கூடச் சிப்பிக்குத் தெம்பில்லை.

"என்னால முடியல ஐயா. கப்பலுக்கே எழுதிடுங்க எம்பேர."

நல்லுசாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தா, இங்க பாரு. இது என்ன வழவழன்னு?"

மடிப்புக்குள் கண்ணுக்கு லேசில் தெரியாத கோழை மாதிரி ஒட்டியிருந்தது. முட்டை!

அதற்கப்புறம் பிலோமி கொண்டை ஊசியை எடுத்தாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மடிப்பு மடிப்பாகச் சுரண்டினாள். வாய் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தது. பத்தொன்பதாவது நாள் சிப்பி வாய் திறந்து, நீலப் பட்டு மாதிரி முழுசாய் விரிந்தது. அதைப் பார்த்து, மகள் பெட்டி பிறந்த அன்றைக்கு அழுத மாதிரி அழுதாள்.

சனிக்கிழமை துரை வந்து இறங்கினார். நல்ல மனுஷர். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பிலோமி, பெர்மிட் காயிதம் கொண்டா. முதல்ல அது."

அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்து நீட்டினாள். பேனாவைத் திறந்தவருடைய கண் தொட்டிப் பக்கம் போனது. "கொஞ்சம் இரு" என்று பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் மண்டியிட்டார். சிப்பியின் மேல்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. கல்லின் அடியில், ஓட்டின் இடுக்கில், நெடுநேரம் தேடினார்.

பிலோமிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒண்ணுகூட இல்ல துரை! முட்டையக்கூட விடல. எல்லாத்தையும் சுடுதண்ணியில போட்டுட்டேன்."

"மூணு வாரமா கை கிழியக் கிழிய இதே வேலதான் துரை" என்றார் நல்லுசாமி.

துரை எழுந்தார். முகம் வெளிறியிருந்தது. கையெழுத்துப் போடாத காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, பேனாவை மெதுவாக மூடினார்.

"சிப்பி வெறும் தீனி, பிலோமி. நான் வளத்தது நத்தைய."