இன்னொரு பானை

"இன்னொரு பானை வேணும் சார்," என்றாள் கோமளா.

சுந்தரராஜுலு வாத்தியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோடை லீவில் மாமனார் வீட்டில் மாம்பழம் தின்று படுத்துக் கிடக்கலாம் என்றிருந்த மனுஷர். பர்மாவிலிருந்து வந்த அகதிகளைப் பொள்ளாச்சிப் பக்கம் குடிவைக்கிற வேலைக்கு அவரைப் பிடித்துப் போட்டுவிட்டது சர்க்கார். அந்த எரிச்சலை எங்கேயாவது இறக்க வேண்டாமா?

"குடும்பத்துக்கு ஒரு பானைதான் அம்மணி. உங்க ஊட்டுல நீ, ரெண்டு புள்ளைங்க. இன்னொண்ணு எதுக்கு? ஊறுகாய் போடவா?"

"ரங்கூன்ல எங்க வீட்டுல எப்பவும் ரெண்டு பானை சார்..."

"ரங்கூன்ல யானைகூட இருந்திருக்கும். அதுக்கு நான் எங்க போறது?"

பக்கத்தில் நின்ற காவல்காரர் அங்கப்பன் கடகடவென்று சிரித்தார்.

"குடுத்த சாமானை வித்தா, குடுத்த ஊடும் போயிரும். நெனப்பு இருக்கட்டும்," என்று ஒரு குட்டும் வைத்தார் வாத்தியார்.

கோமளா ஒற்றைப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை. அங்கப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, அந்தப் பர்மாக்காரம்மா ஊட்டுல பானையக் காணமுங்க! புள்ளைங்க டால்டா டப்பாவுல தண்ணி குடிக்குதுங்க. இன்னிக்குச் சந்தை பாருங்க... வித்துப்போட்டாங்களாட்ட இருக்குது."

"அதுக்குத்தான் ரெண்டு கேட்டிருக்கிறா! வாங்க போலாம். ஊட்டைக் காலி பண்ணிப்போட்டுத்தான் மறுவேலை."

வெயிலா அது! இளநீர் வெட்ட மரமேறியவன் வெந்நீரோடு இறங்கினான் என்று பொள்ளாச்சியில் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். பாதி வழியிலேயே வாத்தியாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சேர்த்துவைத்த வசவெல்லாம் தொண்டைக்குள்ளேயே காய்ந்துபோயிற்று.

சந்தைக்குப் போகிற வண்டித்தடத்தில், புளியமரத்தடியில், ஈரத்துணி சுற்றிய பானை ஒன்று. மேலே ஒரு கொட்டாங்கச்சி அகப்பை. மாடு ஓட்டி வந்தவர்கள் மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் குடித்த குடியில் அகப்பை தரை தட்டியது. மீசையைத் துடைத்துக்கொண்டார். போன உயிரோடு குரலும் திரும்பி வந்துவிட்டது.

"பாத்தீங்களா அங்கப்பண்ணா! எந்த மவராசன் வெச்சானோ, பேருகூடப் போட்டுக்கலை. இதுதானுங்க நம்ம கொங்குநாட்டுக் குணம். இதையெல்லாம் அந்தப் பர்மாக்காரங்களுக்குச் சொல்லிக்குடுக்கோணும்."

"இன்னிக்கே சொல்லிப்போடுங்க வாத்தியாரே. நல்லா ஒறைக்கறாப்புல."

வாசலில் நின்று வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா! பானை எங்கே?"

கோமளா டால்டா டப்பா நிறையத் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல இதைக் குடிங்க சார். டப்பாவுல தர்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பர்மாவுல வீட்டுக்கு ஒரு பானை, வழியில போறவங்களுக்கு ஒரு பானை வைப்போம். நீங்க ஒண்ணுதானே குடுத்தீங்க? அதைப் புளியமரத்தடியில வெச்சுட்டேன்."