மிதக்கும் காந்தம்

பல பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளையின் புதுச் செயலாளர் போனிலேயே மறுத்துவிட்டார். “காந்தத்தை மிதக்க வைக்கிற மீக்கடத்தி வில்லையெல்லாம் எதுக்கு டீச்சர்? அது மிதக்கிறதை வீடியோவுல போட்டுக் காட்டுங்க, போதும்.”

“மாட்டேன் சார். நானே வாங்கிக்கிறேன். நீங்க நேர்ல வாங்க.”

கடைக்காரர் இழுத்தார். “மீக்கடத்தியில ஓரம் உடைஞ்ச பீங்கான் வில்லைதான் மலிவா இருக்கு மேடம். பார்க்க நல்லா இருக்காது.”

“பரவாயில்ல, அனுப்புங்க.”

செயலாளர் வந்த அன்று, திரவ நைட்ரஜனில் குளிர்ந்த வில்லைக்கு மேல் காந்தம் மிதந்தது. ஒரு மாணவி காந்தத்துக்கு அடியில் ஈர்க்குச்சியை நுழைத்து மறுபக்கம் எடுத்தாள்.

“எதுலயும் தட்டல டீச்சர்! அந்தரத்துல நிக்குது!”

“குச்சியை எனக்குக் குடுடி!”

செயலாளரின் பார்வை, சுவரோரம் வரிசையாகச் சாய்த்திருந்த பிள்ளைகளின் வெள்ளைக் கோல்களில் நின்றுவிட்டது.

“இப்ப சொல்லுங்க சார், வீடியோவை யாருக்குப் போடட்டும்?”